தர்மம் சட்டமானபோது

அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில ஆணையர்களின் நிர்வாகத்தில் இருந்த மைசூர், 1881 மார்ச்சில் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டதையும், அதே ஆண்டில் திவான் ரங்காச்சார்லு பிரஜாப் பிரதிநிதி சபையை நிறுவியதையும் சென்ற இதழில் கண்டோம். தசராவையொட்டி மைசூரில் கூடிய அந்தச் சபையில் நிலக்கிழார்களும் வணிகர்களும் அரசின் ஆண்டறிக்கையைக் கேட்டுக் குடிகளின் குறைகளை எடுத்துரைப்பார்களேயன்றி, சட்டமியற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் 1890களின் தொடக்கத்தில், பால்ய விவாகத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டா என்ற பெருங்கேள்வி அங்கேதான் விவாதிக்கப்பட்டது.

இதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் உடலுறவுச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை, இந்துக்களின் ஆசாரத்தில் அந்நிய ஆட்சி கைவைக்கலாகாது என்று திலகர் வன்மையாக எதிர்த்தார். சமய நம்பிக்கைகளில் தலையிடுவதில்லை என்ற 1858ஆம் ஆண்டு அரசியாரின் பிரகடனமும் எதிர்ப்பாளர்களுக்குத் துணைநின்றது. மைசூரில் அந்த வாதத்திற்கு அத்தனை வலு இல்லை. கோயில்களையும் மடங்களையும் புரந்த இந்து அரசரே அங்கு ஆட்சிபுரிந்ததால், குடிகளின் வாழ்வொழுங்கைக் காப்பது வேந்தனின் கடன் என்னும் ராஜதர்மக் கோட்பாடு, மாற்றத்தை விரும்பியவர்களுக்கும் ஆயுதமாயிற்று. சாஸ்திரத்தைக் காட்டியே எதிர்த்தவர்களுக்குச் சாஸ்திரத்தைக் கொண்டே விடையளிக்க அரசுத் தரப்பால் முடிந்தது.

திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில், 1894இல், பால்ய விவாகத்தைத் தடுக்கும் மைசூர்ச் சட்டம் பிறந்தது. எட்டு வயது நிறையாத சிறுமிக்கு மணம் செய்விப்பதும், ஐம்பது வயதைக் கடந்த ஆண் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாயின. முதியவருக்குச் சிறுமியை மணமுடித்துக் கொடுக்கும் கொடுமையைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது துணிவான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எட்டு என்ற எண்ணை ஊன்றி நோக்க வேண்டும். எட்டு வயதுப் பெண்ணைக் ‘கௌரி’ எனப் பெயரிட்டு மணத்திற்குரியவளாகக் கருதியது ஸ்மிருதி மரபு, அதாவது ஒழுக்க நெறிகளைத் தொகுத்துரைக்கும் வடமொழி நூல்களின் மரபு. சட்டம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. மரபைத் துணைக்கொண்டு எழுந்த சீர்திருத்தம் மரபு இடங்கொடுத்த அளவிலேயே நின்றுவிட்டதால், ஒன்பது வயதுச் சிறுமியை இளைஞன் ஒருவனுக்கு மணமுடிக்க அதில் தடையேதும் இல்லாமற்போயிற்று. பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டத்திற்கு 1929 வரை இந்தியா காத்திருக்க நேர்ந்தது.

நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் இதே தர்க்கம் கோயிலுக்குள்ளும் நுழைந்தது. கோயில்களையும் அறநிலையங்களையும் மேற்பார்வையிட்ட முஜராய் இலாகாவின் கீழிருந்த ஆலயங்களில் தேவதாசிகளின் பணியை 1909ஆம் ஆண்டு அரசாணை நிறுத்தியது. சென்னை மாகாணம் அதற்கான சட்டத்தை 1947இல்தான் இயற்றியது. முற்காலத்தில் அப்பணியின் நோக்கம் எதுவாயினும், அன்றைய நிலையில் ஆலயத்தின் தூய்மைக்கு அது ஒவ்வாது என்பதே மைசூர் அரசின் நிலைப்பாடு. மைசூரின் முன்னோடித்தனம் போற்றத்தக்கதே. எனினும் அந்த முடிவு ஆலயத்தின் மாண்பைக் கருதி எடுக்கப்பட்டதேயன்றி, அங்கே பணிசெய்த பெண்களின் வாழ்வைக் கருதி எடுக்கப்பட்டதன்று. தலைமுறை தலைமுறையாக ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்டிருந்த நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் தேவதாசிகள் தங்கள் உரிமையை வேண்டி அரசிடம் விண்ணப்பித்தனர். அரசு அதனை ஏற்கவில்லை.