கட்டைகளின் கதை

கஞ்சிக்கோட்டில் எங்கள் இல்லத்தில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடைபெற்றது. வாதி என் மகள், பிரதிவாதி நான், நீதிபதி என் தாயார். வழக்குக்குப் பொருளாக இருந்தது ஒரு கீபோர்டு. என் மகள் ஐந்தாண்டுகளாகப் பழகிவந்த சிறிய கீபோர்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை விடுத்து, சிந்தசைசர் வகையைச் சேர்ந்த உயர்ந்த கருவி ஒன்றை வாங்கித் தர வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை. அதன் விலையோ என் ஒரு மாத ஊதியத்தை நெருங்குவது. "இருப்பதில் நன்றாக வாசிக்கிறாயே, புதியது எதற்கு?" என்று கேட்டேன். "இருப்பதில் வாசிக்க முடியாததும் இருக்கிறது, அப்பா" என்றாள் அவள்.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். எந்தக் கோப்பு வந்தாலும் அதற்கு முன்னிகழ்வு உண்டா என்று தேடிப் பார்ப்பது எங்கள் அலுவலக வழக்கம். இந்த வீட்டுக் கோப்புக்கும் அவ்வாறே தேடினேன். நம் நாட்டில் இக்கேள்வி ஒன்றரை நூற்றாண்டாக எழுந்துகொண்டே இருக்கிறது என்பதையும், ஒருமுறை அகில இந்திய வானொலியே இதற்குத் தீர்ப்பு வழங்கியிருக்கிறது என்பதையும் கண்டேன். அந்த வரலாற்றையே இங்கே கூற முற்படுகிறேன்.

கட்டைகளை விரலால் அழுத்தி வாசிக்கும் கருவிகளில், நம் மக்களிடையே முதன்முதலாக வீடுதோறும் பரவியது ஹார்மோனியம். பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842ஆம் ஆண்டில் அப்பெயரில் ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். அது நாற்காலியில் அமர்ந்து, காலால் மிதித்துக் காற்றூட்டி, இரு கைகளாலும் வாசிக்கும் பெரிய பெட்டி. பாதிரிமாரும் வணிகரும் அதைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பாடும் நம்மவர்க்கு அது பொருந்தவில்லை. கல்கத்தாவில் இசைக்கருவிக் கடை நடத்திய துவாரகநாத் கோஷ் 1880களில் அதைத் திருத்தியமைத்தார். கால்மிதியை நீக்கித் துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தினார். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை கட்டைகளை அழுத்த, வாத்தியம் மடிக்கெதிரே தரையில் அமர்ந்தது. மேனாட்டார் இரு கைகளாலும் எழுப்பும் சுரக்கூட்டு நமக்குத் தேவையில்லை. ஒற்றை வரியாக ஓடும் ராகத்துக்கு ஒரு கையே போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தக் கைப்பெட்டி தமிழ்நாட்டில் நுழையாத இடமில்லை. பஜனை மடத்திலும், மாதா கோவிலிலும், பாட்டு வகுப்பிலும் அது இடம் பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக நாடக மேடையை அது ஆண்டது. ஸ்பெஷல் நாடகங்களில் ஹார்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். பின்பாட்டுப் பாடி, நடிகர் தொய்ந்தபோது தாங்கி, கூட்டத்தை விடியும்வரை கட்டி வைத்தவர் அவரே.

இன்னும் ஒரு செய்தி உண்டு. நம் பாடகர்கள் தம் சுருதியை எவ்வாறு கூறுகின்றனர்? "ஒன்றரைக் கட்டை", "ஐந்து கட்டை" என்றல்லவா? இந்தக் கட்டைகள் ஹார்மோனியத்தின் கட்டைகளே. மேனாட்டார் 'சி' என வழங்கும் வெள்ளைக் கட்டையிலிருந்து ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஒன்று முதல் ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஹார்மோனியத்தைத் தொடவே மாட்டேன் என்னும் வித்துவானும் தம் குரலை அந்தப் பெட்டியைக் கொண்டே அளந்து கூறுகிறார்.

இத்துணைச் செல்வாக்குப் பெற்ற கருவியின்மீது குற்றச்சாட்டும் கடுமையாகவே எழுந்தது. அதன் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. காற்றுப் பட்டால் அது அதிர்கிறது. அதன் நீளமும் கனமும் எத்துணையோ அத்துணையே சுரம். வாசிப்பவர் விரும்பினாலும் அது மயிரிழையும் அசையாது. மேலும், ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக்கூறுகளாகப் பங்கிடும் மேனாட்டு முறையில் சுருதி சேர்க்கப்பட்டது அது. தம்புராவின் நாதத்தில் இயல்பாக எழும் அந்தர காந்தாரத்தைவிட ஹார்மோனியத்தின் காந்தாரம், அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 14 பங்கு உயர்ந்து நிற்கிறது. தேர்ந்த செவிக்கு இது உறுத்தும். இதனினும் பெரிய குறை கமகம் இன்மை. தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடுவது. அந்த ஊசலே தோடி. நாக்கோ ஊசலாடாது.

அந்நாளில் வானொலி நம் நாட்டில் இளங்குழந்தை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கின. தில்லி நிலையத்தில் மேனாட்டு இசைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஹார்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது என்று 1938ஆம் ஆண்டில் எழுதினார். 1940 ஜனவரியில் இரவீந்திரநாத் தாகூரும் வானொலியின் கல்கத்தா நிலையத்துக்கு அதே கருத்துப்பட எழுதினார். 1940 மார்ச்சு 1ஆம் நாள் முதல் அகில இந்திய வானொலியில் ஹார்மோனியம் விலக்கப்பட்டது. 31 ஆண்டுகள் அவ்விலக்கு நீடித்தது.

அயல்நாட்டுக் கருவி என்பதற்காகவே அது விலக்கப்பட்டது என்று கருதுவோர் உளர். இது முழு உண்மையாகாது. வயலினும் அயல்நாட்டுக் கருவியே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். வானொலி நிலையத்தில் வயலினுக்கு ஒருநாளும் கதவு அடைபட்டதில்லை. வயலினில் விரல் வழுக்கிச் செல்ல இடமுண்டு. ஆகவே கமகம் உண்டு. எங்கே பிறந்தது என்பதன்று, இழைய வல்லதா என்பதே அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. கேள்வி நேரியது. ஆயினும், விடை கூறும் உரிமையை வாசிப்பவனிடமிருந்து பறித்துக் கொண்டது அந்த ஆணை. கச்சேரி மேடைக்கும் நாடக மேடைக்கும் வேறு வேறு தேவைகள் உண்டு என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டுக்கு அண்மையில், இதே பாலக்காட்டுச் சீமையில் எலப்புள்ளி என்னும் ஊர் இருக்கிறது. 1928ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர் எம்.எஸ். விசுவநாதன். தந்தையை இளமையிலேயே இழந்து, கண்ணூரில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றவர்; பின்னர் சி.ஆர். சுப்பராமன் குழுவில் ஹார்மோனியம் வாசித்தவர். 1952ஆம் ஆண்டில் சுப்பராமன் மறைந்தபோது அவர் விட்டுச்சென்ற வேலைகளை விசுவநாதனும், வயலின் வித்துவான் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தனர். வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்திருந்த அதே ஆண்டுகளில், தமிழகம் முழுவதும் முணுமுணுத்த மெட்டுகள் விசுவநாதனின் ஹார்மோனியத்திலிருந்தே பிறந்தன. ஒலிப்பதிவில் பல வாத்தியங்கள் சேர்ந்தன. ஆயினும் மெட்டு உருவானது அந்தப் பெட்டியின்முன் அமர்ந்தபோது. 2015ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் பெயரோடு ஹார்மோனியமும் சேர்ந்தே நின்றது. பெட்டி அசைக்க இயலாத சுரத்தை அவர் குரல் அசைத்துக் காட்டியது.

1970ஆம் ஆண்டில் இதுபற்றி அறிஞர்கள் கூடி விவாதித்தனர். 1971ஆம் ஆண்டில் வானொலியின் விலக்கு தளர்ந்தது. தேர்ந்த கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக மட்டும் முதலில் இசைவு கிடைத்தது.

அதற்குள் கட்டைகளுக்குப் பின்னால் துருத்தி போய் மின்விசை வந்துவிட்டது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் இந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஒலி நாட்டையே மயக்கியது. உண்மையில் அது மகுடியன்று; பிரான்சில் தோன்றிய கிளாவியோலின் என்னும் சிறு மின்கருவி. அதை வாசித்தவர், பிற்காலத்தில் கல்யாண்ஜி – ஆனந்த்ஜி என்னும் இரட்டையரில் ஒருவராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி.

1964ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் தம் சிந்தசைசரை உருவாக்கினார். இதில் சுரத்தை நிர்ணயிப்பது உலோக நாக்கன்று, மின்னழுத்தம். ஒரு வோல்ட்டு கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றலாம். ஆகவே சுரத்தையும் சிறிது சிறிதாக வளைக்கலாம். 1970ஆம் ஆண்டில் வந்த அவருடைய சிறிய கருவியில், கட்டைகளுக்கு இடப்புறம் இதற்கென்றே ஒரு சக்கரம் அமைந்திருந்தது. வலக்கை கட்டையை அழுத்த, இடக்கை அச்சக்கரத்தை உருட்டினால் சுரம் வழுக்கிச் செல்லும். துருத்தியை விட்ட இடக்கைக்குப் புதியதொரு வேலை கிடைத்தது. ஃபௌல்ட்ஸும் தாகூரும் எழுப்பிய குற்றச்சாட்டுக்குத் தன்னையறியாமலே ஒரு விடையை வழங்கினார் அந்தப் பொறியாளர். இன்று சென்னையின் கே. சத்தியநாராயணன் போன்றோர் அச்சக்கரத்தின் துணைகொண்டு கீபோர்டிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்து வருகின்றனர்.

புதிய கருவியை நம்பித் துணிந்தவர்களின் கதைகள் இரண்டைக் கூற வேண்டும். பம்பாய்த் திரைப்பட இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளை வாங்கி வீட்டில் வைத்து ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வல்லது என்று கண்டு, 1982ஆம் ஆண்டில் பத்து ராகங்களை அவற்றில் இசைத்து ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். அன்று அதை வாங்குவோர் இலர். 2010ஆம் ஆண்டில் அது மறுபதிப்பாக வெளிவந்தபோதுதான் உலகம் வியந்தது.

மற்றொன்று நமக்கு அண்மையது. மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசைக்குழு நடத்துநராகவும் விளங்கிய ஆர்.கே. சேகர் 1976ஆம் ஆண்டில் மறைந்தபோது அவர் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் எஞ்சியிருந்தவை அவருடைய மின்னிசைக் கருவிகள். அவற்றை விற்றுவிடாமல் வாடகைக்கு விட்டே குடும்பத்தை நடத்தினார் தாயார். பின்னாளில் மகனின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கருவி வாங்கப் பணமில்லாதபோது தம் நகைகளையே ஈடு வைத்தார். அம்மகன்தான் 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' படத்தின் வாயிலாக நாடறிந்த ஏ.ஆர். ரஹ்மான். இக்கதையைக் கேட்டபோது என் தாயார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வழக்கு என் பக்கம் இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிற்று.

ஆயினும் பிரதிவாதிக்கும் சான்றுகள் உண்டு. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்னும் சிந்தசைசர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. புதுப்புது ஒலிகளைப் படைக்கும் ஆற்றல் அதில் இருந்தது. அவ்வாறு படைக்கும் முறையோ மிகக் கடினம். ஆகவே வாங்கியவருள் பெரும்பாலோர் நிறுவனம் அடைத்துக் கொடுத்த ஒலிகளோடு நிறைவடைந்தனர். விலை கொடுத்து ஆற்றலை வாங்கி, அதைப் பெட்டிக்குள்ளேயே உறங்க விட்டனர். மற்றொரு சான்று எங்கள் பாலக்காட்டிலேயே உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியையே வேண்டினார். அவர் புதுமையை வெறுத்தவர் அல்லர். தம் விரலின் நயத்தை அக்கருவி கெடுக்கிறது என்று செவியால் அறிந்து மறுத்தார்.

இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஏற்றவரும் மறுத்தவரும் தம் இசைக்கு இன்னது வேண்டும் என்பதை முதலில் அறிந்திருந்தனர். துவாரகநாத் கோஷ் கால்மிதியை நீக்கியதும், சரண்ஜித் சிங் வழுக்கும் சுரத்தைத் தேடியதும், மணி ஐயர் ஒலிபெருக்கியை விலக்கியதும் இவ்வொரு காரணத்தாலேயே. கருவியில் என்னென்ன உண்டு என்று எண்ணுவதற்கு முன்னர், இருக்கும் கருவியில் எது இல்லை என்பதைச் சுட்டிக்காட்டத் தெரிய வேண்டும். அங்ஙனம் சுட்டிக்காட்ட முடியாதவனுக்குப் பழையதே போதும். சுட்டிக்காட்ட முடிந்தவனை மேலும் காக்க வைப்பது நீதியன்று.

ஆகவே என் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "உன் கீபோர்டில் எதை வாசிக்க முடியவில்லை, வாசித்துக் காட்டு" என்றேன். அவள் தோடியை எடுத்தாள். காந்தாரம் வந்த இடத்தில் இரண்டு கட்டைகளை மாறி மாறித் தட்டினாள். "இது சுரம், தோடியில்லை" என்றார் என் தாயார். பின்னர் அவள் ஒரே கட்டையை மெல்லவும் வலியவும் அழுத்தினாள். ஒலி கூடவுமில்லை, குறையவுமில்லை. மறுநாள் பாட்டு வாத்தியாரிடமிருந்து ஒரு மாலைப்பொழுதுக்கு அவருடைய கருவியை இரவல் வாங்கி வந்தோம். இடக்கையால் சக்கரத்தை உருட்டிப் பழக அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பல முறை தவறினாள். ஒருமுறை காந்தாரம் அசைந்தது. என் தாயார் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை வாசி" என்றார். அதுவே தீர்ப்பு.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிறிய அகராதியை வைத்துக்கொண்டுதான் இத்தொழிலைத் தொடங்கினேன். தேடிய சொல் அதில் இல்லாமல் பலமுறை திகைத்த பிறகே சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகளை வாங்கினேன். திகைப்புக்கு முன்னரே வாங்கியிருந்தால் அவை அலமாரிக்கு அழகாக இருந்திருக்கும். என் மகள் அத்திகைப்பைக் கடந்துவிட்டாள். நான்தான் அதைக் கண்டுகொள்ளச் சில மாதங்கள் தாமதித்துவிட்டேன்.

நூற்றுக்கணக்கான ஒலிகள் அடைத்த பெரிய கருவியை நாங்கள் வாங்கவில்லை. சுரத்தை வளைக்கும் சக்கரமும், அழுத்தத்தை உணரும் கட்டைகளும் உடைய ஒன்றையே தேர்ந்தெடுத்தோம். மாலையில் என் தாயார் பாட உட்காரும்போது, "எனக்கு ஐந்து கட்டை வை" என்கிறார். என் மகள் புதிய கருவியில் ஐந்தாவது வெள்ளைக் கட்டையை அழுத்துகிறாள். துருத்தி இல்லை, நாக்கு இல்லை. கணக்கு மட்டும் பழைய பெட்டியின் கணக்கே.