காட்டை அழித்தது யார்?

1998-இல் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 'ரெட்கார்ட்' என்ற கம்ப்யூட்டர் கேமை விற்றபோது, பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகத்தையும் வைத்துக் கொடுத்தது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கதைகள் நடக்கும் டாம்ரியல் என்ற கண்டத்துக்கு அது ஒரு வழிகாட்டி. பேரரசு தன் பெருமையைத் தானே பீற்றிக்கொள்ளும் புத்தகம். ஓரத்திலே பேரரசைப் பிடிக்காத ஓர் ஆசாமி கிறுக்கிய கேலி வேறு. நடு மாகாணமான சிரோடிலை அந்தப் புத்தகம் அடர்ந்த மழைக்காடு என்றது.

2006-இல் 'ஒப்லிவியன்' வந்தது. கதை நடப்பதே சிரோடிலில்தான். போய்ப் பார்த்தால் மழைக்காட்டைக் காணோம். ஐரோப்பிய நாட்டுப்புறம் மாதிரி புல்வெளியும் மிதமான மரத்தோப்பும்.

இந்த உலகத்தைப் பற்றி விக்கி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய யுஇஎஸ்பி தளம் 1995-இல் ரசிகர் ஒருவரின் பக்கமாகத் தொடங்கி, 2005-இல் விக்கியாக மாறியது. சிரோடில் பக்கத்தில் என்ன எழுதுவது? கடைசியாக வந்ததே சரி என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். ஆனால் கேமை உருவாக்கியவர்களே அதற்கு வழிவிடவில்லை.

1996-இல் வந்த 'டாகர்ஃபால்' கேமுக்குப் பல முடிவுகள். நூமிடியம் என்ற ராட்சத உலோக உருவத்தை ஆட்டிவைக்கும் பொருளை விளையாடுகிறவர் யாரிடம் கொடுக்கிறாரோ, அவர் கை ஓங்கும். ஒரு மந்திரவாதி கடவுளாகலாம், ஓர் ஓர்க் தலைவன் தன் நாட்டுக்கு அங்கீகாரம் வாங்கலாம். அடுத்த கதை எதிலிருந்து தொடங்குவது? காலக் கடவுளான டிராகனே முறிந்துபோனது, அதனால் எல்லா முடிவும் ஒரே நேரத்தில் நடந்தது என்றார்கள்! 'ஒப்லிவியன்' கேமுக்குள் படிக்கக் கிடைக்கும் ஒரு புத்தகம் இதை வரலாறு போலவே எழுதிவைத்திருக்கிறது. சமாளிப்பு என்பார்கள் சிலர். எனக்கென்னவோ கெட்டிக்காரத்தனம் என்றுதான் படுகிறது.

இப்படிப்பட்டவர்களிடம் 'எது உண்மை' என்று கேட்டுப் பயனில்லை. 'யார் சொன்னது' என்றுதான் கேட்க வேண்டும். இந்த உலகத்தின் கதைகளைத் தொகுக்கும் விக்கியின் 'லோர்' பகுதி அந்த வழியில் வளர்ந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் அடிக்குறிப்பு: எந்த கேம், எந்தப் புத்தகம், யார் பேசியது.

மைக்கேல் கிர்க்பிரைட் இந்த உலகத்தைக் கட்டியவர்களில் ஒருவர். நிறுவனத்தை விட்டு விலகிய பிறகும் டாம்ரியல் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். டாலோஸ் என்ற பேரரசன், காட்டில் அவதிப்பட்ட தன் படைவீரர்களுக்காக அந்தக் காட்டையே மாற்றிவிட்டான் என்பது அவர் எழுதியவற்றில் ஒன்று. ரசிகர்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அப்போது எந்த கேமிலும் இல்லையே? இப்படிப்பட்டவற்றை அதிகாரபூர்வமற்றது என்று அடையாளம் போட்டு ஒதுக்கி வைப்பதுதான் விக்கி வழக்கம்.

2011-இல் 'ஸ்கைரிம்'. வைட்ரன் ஊரில் டாலோஸ் சிலைக்கு முன்னால் ஹெய்ம்ஸ்கர் என்ற பூசாரி நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான். காது வலிக்கிறது என்று அவனை வெட்டிப்போட்ட விளையாட்டுக்காரர்கள் உண்டு. நின்று கேட்டவர்களுக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. அவன் கத்துவது கிர்க்பிரைட் எழுதிய அதே காட்டுக் கதை! ஒரு தெருப் பிரசங்கியின் வாய் வழியாக அது உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் அது ஹெய்ம்ஸ்கர் சொன்னது, அவ்வளவுதான்.

அதோடும் விடவில்லை. 2014-இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' கதை, டாலோஸ் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னால் நடக்கிறது. அப்போதும் சிரோடிலில் மழைக்காடு இல்லை. பிறகு அவன் எதை மாற்றினான்? அந்த கேமுக்குள் வரும் அறிஞர் ஒருவர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: காடு என்பதே ஏட்டைப் பெயர்த்து எழுதியவன் செய்த பிழையாம். ஓர் அம்மையார் அதை மறுத்துத் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். விக்கியில் அதுவும் பாடபேதக் கணக்கில் சேர்ந்தது.