நாலு கம்பி, சில விரல்கள், பேர் போடாத அட்டைகள்

மெல்லிசைக் கச்சேரி மேடையில கிடார் மாட்டின ரெண்டு பேர் இருப்பாங்க. நம்ம கண்ணு ஒருத்தர் மேலதான் போகும். இன்னொருத்தர் டிரம்ஸுக்குப் பக்கத்துல, கழுத்து நீளமான ஒரு கிடாரோட, முகத்துல ஒரு சலனமும் இல்லாம நின்னுட்டிருப்பார். நாலே நாலு தடிமனான கம்பி. அவர் வாசிக்கிறது தனியா காதுல விழாது. ஆனா அவர் கையை எடுத்துட்டா பாட்டு உப்பில்லாப் பண்டம் ஆயிடும். வடிவேலு பாஷையில சொன்னா, பில்டிங் ஸ்ட்ராங்கு, பேஸ்மட்டம் வீக்கு :-)

அந்த நாலு கம்பி, அதாவது பேஸ் கிடாரின் கதைதான் இந்தப் பதிவு. கதை நெடுக எனக்குத் தெரியுறது ஒரே விஷயம்தான். இந்தக் கருவியை வாசிக்கிற புதுப்புது முறையெல்லாம் யாரோ ஒருத்தருக்கு இருந்த தட்டுப்பாட்டுல இருந்தோ பழக்கத்துல இருந்தோ பிறந்திருக்கு. முறையை உலகம் உடனே எடுத்துக்கிச்சு. ஆளோட பேரைச் சொல்லத்தான் ரொம்ப வருஷம் ஆச்சு.

முதல்ல கருவி எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். 1930, 40களில் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் கீழ் சுருதியைக் கவனிச்சுக்கிட்டது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல நிற்கிற ராட்சச வயலின்னு வெச்சுக்கங்க. ஊர் ஊரா தூக்கிட்டுப் போறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். அப்படித் தூக்கிட்டுப் போனாலும் டிரம்ஸ், ட்ரம்பெட் சத்தத்துல அது எடுபடாது. மெட்டு வேற கிடையாது. (மெட்டுன்னா பாட்டு மெட்டு இல்லீங்க, வீணையில குறுக்கால வரிசையா இருக்கே, அந்த மெட்டு.) விரல் நூலளவு தள்ளிப் போனாலும் அபசுரம்தான்.

இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு 1930களிலேயே சியாட்டில் நகரத்துல பால் டட்மார்க் என்பவர் கிடார் மாதிரி குறுக்கால பிடிச்சு வாசிக்கிற மின்சார பேஸ் ஒண்ணைச் செஞ்சார். சீந்துவார் இல்லை. 1951ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் அதே காரியத்தைச் செஞ்சு ஜெயிச்சார். ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். வேடிக்கை என்னன்னா, அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! கழுத்துல மெட்டு வெச்சதால சுரம் துல்லியமா விழும்ங்கிற அர்த்தத்துல 'பிரிசிஷன் பேஸ்'னு பேர் வெச்சார்.

சரி, இதை எப்படி வாசிக்கிறது? யாருக்கும் தெரியாது. கட்டைவிரலால மீட்டுவாங்க, மத்த விரல்கள் பிடிச்சுக்க ஒரு இடம் வேணும்னு நினைச்சு, ஃபெண்டர் கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் கட்டையைப் பொருத்தியிருந்தார். டபுள் பேஸ்ல இருந்து வந்தவங்க பழக்கதோஷத்துல ஆள்காட்டி விரலால இழுத்தாங்க. கிடார்ல இருந்து வந்தவங்க பிக் வெச்சுத் தட்டினாங்க. 1970களில் அந்தக் கட்டை கட்டைவிரலை வைக்க வசதியா மேல்பக்கம் போயிடுச்சு. இப்படிப் பிடின்னு செஞ்சவர் சொன்னதை வாசிக்கிறவங்க கேட்கலை. கருவிதான் அவங்க வழிக்கு வந்துச்சு.

இங்கதான் நம்ம கதாநாயகன் வர்றார். ஜேம்ஸ் ஜேமர்சன்.

டெட்ராய்ட் நகரத்துல 1959ல் தொடங்கின மோடவுன் கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு சாதாரண வீட்டுல இருந்தது. பதிவு செய்யுற அறைக்கு வாத்தியக்காரங்க வெச்ச பேர் பாம்புக்குழி, கூரையில இருந்து அவ்வளவு வயர் தொங்குமாம். 60களில் அமெரிக்காவையே ஆட வெச்ச எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அங்கதான் ஜேமர்சன் பேஸ் வாசிச்சார். அடிப்படையில டபுள் பேஸ்காரர். அதனால ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யும். அந்த விரலுக்கு நண்பர்கள் 'கொக்கி'ன்னு பேர் வெச்சிருந்தாங்க. கம்பி அறுந்தாலொழிய மாத்தவே மாட்டார். பழைய கம்பியும், பாலத்து மூடிக்கு அடியில இருந்த ஒரு துண்டு ஸ்பாஞ்சும் சேர்ந்து, கார்வை இல்லாத ஒரு 'தும்'.

அதுவரைக்கும் பேஸ் வாசிக்கிறதுன்னா பெரும்பாலும் ஒண்ணாவது சுரம், அஞ்சாவது சுரம்னு ச-ப ச-ப கணக்குல போகும். ஜேமர்சன் அதுக்குள்ள ஜாஸ் சமாச்சாரங்களைக் கொண்டுவந்தார். தாளத்தைத் தள்ளிப் போட்டார், சுரங்களுக்கு நடுவுல இருக்கிற அரைப்படிகளைத் தொட்டுட்டுப் போனார். 1964ல் வந்த டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' ஆரம்பத்தைக் கேளுங்க. பேஸ் மட்டும் தனியா, நெஞ்சு துடிக்கிற மாதிரி. அந்தப் பாட்டை வாய்விட்டு முணுமுணுக்கிறவங்க முதல்ல முணுமுணுக்கிறது இவர் வாசிச்சதைத்தான். பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடலாம்னு காட்டினவர் அவர்.

ஆனா இசைத்தட்டு அட்டையில பேர்? கிடையாது. 1971ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தப்பதான் மோடவுன் அட்டையில இவங்க பேரெல்லாம் அச்சாச்சு. அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டிடுச்சு. ஜேமர்சனும் பின்னாடியே போனார். அங்கே காலம் மாறிப்போச்சு, வேலை குறைஞ்சு போச்சு, குடி அதிகமாச்சு. 1983ல் மோடவுனின் 25வது வருஷ விழா பிரமாதமா நடந்தது. அதுக்கு அவர் டிக்கெட் வாங்கிட்டுப் போய் பால்கனியில உட்கார்ந்து பார்த்தார்னு எழுதியிருக்காங்க. அதே வருஷம் ஆகஸ்டில் செத்துப் போனார். வயசு 47.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற வேலை ஓடலைங்க.

அதே காலத்துல லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே. கிடார் வாசிச்சிட்டிருந்த அம்மணி. 1963ல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வரலைன்னு இவர் கையில பேஸைக் கொடுத்தாங்க. பிக் வெச்சு வாசிச்சார், ஒவ்வொரு சுரமும் கணீர்னு விழுந்தது. பீச் பாய்ஸின் 1966 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்துல இவர் பங்கு உண்டு. அங்கேயும் அட்டையில வாத்தியக்காரங்க பேர் வராத காலம்தான்.

இந்த ரெண்டு ஊர் இசையையும் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுட்டிருந்தவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. பேர் தெரியாமலே ஜேமர்சன் வாசிச்சதைக் கேட்டுக் கத்துக்கிட்டவர். ஆனா அவங்க ஸ்டுடியோவுல ஒரு சிக்கல். பேஸ் சத்தம் கூடினா இசைத்தட்டுல முள்ளு துள்ளிடும்னு இன்ஜினியர்களுக்குப் பயம். 1966ல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவுல ஜெஃப் எமரிக் ஒரு பெரிய ஸ்பீக்கரையே மைக் மாதிரி எதிர்ல வெச்சுப் பிடிச்சார். அதுவரை அமுங்கிக் கிடந்த பேஸ் முன்னாடி வந்து நின்னுச்சு.

அடுத்து லாரி கிரஹாம். சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் அம்மா பியானோ வாசிச்சுப் பாட, இவர் கூட வாசிச்சிட்டிருந்தார். இடையில டிரம்ஸ்காரர் இல்லாமப் போயிட்டார். கிரஹாம் என்ன பண்ணார்? கட்டைவிரலால தடிக் கம்பியை ஓங்கித் தட்டினார், அது பெரிய டிரம்முக்கு. இன்னொரு விரலால மெல்லிய கம்பியைச் சுண்டி விட்டார், அது சின்ன டிரம்முக்கு. மிருதங்கத்துல தொப்பியும் வலந்தலையும் ஒரே ஆள் கவனிச்சுக்கிற மாதிரி. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 'தேங்க் யூ' பாட்டுல (1969) உலகம் அதைக் கேட்டுச்சு. இன்னிக்கு 'ஸ்லாப்'னு வகுப்புல சொல்லிக் கொடுக்கிறது இதுதான்.

அப்புறம் ஜேகோ பஸ்டோரியஸ். இவர் உல்டா பார்ட்டி. ஃபெண்டர் கஷ்டப்பட்டு வெச்ச மெட்டையெல்லாம் பிடுங்கிட்டு, பள்ளத்தை அடைச்சு, மேல எபாக்ஸி பூசின பேஸில் வாசிச்சவர். வீணையில இருந்து கோட்டுவாத்தியத்துக்குப் போற மாதிரி! மெட்டு இல்லைன்னா ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகலாம், பாடற மாதிரி இழைக்கலாம். 1976ல் வந்த அவரோட முதல் ஆல்பத்தின் முதல் உருப்படியில, காங்கோ டிரம்ஸ் துணையோட முழு மெட்டையும் (இது பாட்டு மெட்டு!) பேஸே வாசிக்குது. அடித்தளத்துல இருந்த ஆள் மேடை நடுவுக்கு வந்துட்டார், அட்டையிலயும் அவர் பேர்தான். ஆனா அவருக்கும் நல்ல முடிவில்லை. மனநோயும் குடியும் சேர்ந்து அலைக்கழிச்சு, 1987ல் ஒரு கிளப் வாசல்ல வாங்கின அடியில 35 வயசுல போயிட்டார்.

நம்ம ஊருக்கு வருவோம். இளையராஜா பாட்டுல பேஸ் மட்டும் தனியா பிடிச்சுக் கேட்கிற கூட்டம் பதிவுலகத்துல நிறைய உண்டுன்னு தெரியும். அந்தப் பாட்டுகள் வந்த காலத்து கேசட் அட்டையை எடுத்துப் பாருங்க. படம், பாடகர், கவிஞர், இசை, அவ்வளவுதான். பல வருஷம் அவர் குழுவில் பேஸ் வாசிச்ச சசிதரன் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஹ்மான் ஆல்பங்களின் அட்டையில கீத் பீட்டர்ஸ் பேரைப் படிச்சவங்க கொஞ்சம் அதிர்ஷ்டக்காரங்க.

ஜேமர்சனுக்கு மரியாதை வராம இல்லை. 1989ல் அவரைப் பற்றி ஒரு புத்தகம், 2000ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம், 2002ல் மோடவுன் வாத்தியக்காரங்களைப் பற்றி ஒரு ஆவணப்படம். எல்லாமே அவர் போன பிறகு. கேரல் கே 2025ல் அதே ஹால் ஆஃப் ஃபேம் கூப்பிட்டப்ப, வேண்டாம்னுட்டார். ஒலிப்பதிவுன்னா கூட்டு வேலை, ஒருத்தருக்கு மட்டும் என்ன மாலைங்கிறது அவர் கட்சி. பலே!

ஆக மக்களே, இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டைப் போடுங்க. பாடகரை விட்டுட்டு, அடியில ஓடறதை மட்டும் கடைசி வரைக்கும் பிடிச்சுட்டே போங்க. முடிஞ்சதும் வாசிச்சது யாருன்னு தேடுங்க. கிடைச்சா இங்க வந்து பேரை எழுதிட்டுப் போங்க. அட்டையில இல்லாட்டி என்ன, நம்ம பதிவுலயாவது இருக்கட்டுமே.