அமிலமும் அச்சும்: சுற்றுப் பலகையின் முன்வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மின்னணுவியலின் வரலாறு பெரும்பாலும் வானொலிக் குழாய்களினதும் ரான்சிஸ்டர்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவற்றை இணைக்கும் செப்புக் கோடுகளின் பிறப்பை ஆராய்வோமாயின், அது எம்மை அச்சகத்துக்கு இட்டுச்செல்லும். காப்புப் பூச்சிட்ட உலோகத்தை அமிலத்தால் அரித்தல் ஐரோப்பியக் கவச வினைஞரின் கைத்திறன். ஏறத்தாழ 1500இல் ஒக்ஸ்பேர்க் நகரத்து டானியேல் ஹொப்பர் அதனைச் சித்திர அச்சுக்குப் பயன்படுத்தினார்.

அத்திறனை வானொலிக்குக் கொணர்ந்தவர் போல் ஐஸ்லர். 1930இல் வியன்னாவிற் பொறியியற் பட்டம் பெற்ற இவர் யூதர். அச்சுத் தொழிலோடு பழகியவர். 1936இல் இலண்டனிற் புகலடைந்தார். காப்புப் பலகையில் ஒட்டிய செப்புத் தகட்டில் சுற்றினை அச்சிட்டு, எஞ்சிய செம்பை அரித்தகற்றுவதே அவரது முறை. அக்காலத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றாசிட்டு இணைத்தோர் பெரும்பாலும் இளம் பெண்களே. அவர்களது உழைப்பு மலிவானது, வேண்டியவாறு வளைக்கத்தக்கது என்று கூறி ஒரு நிறுவனம் தமது முறையை ஏற்க மறுத்ததாக ஐஸ்லர் தெரிவித்துள்ளார். இயந்திரத்தின் வருகையைத் தீர்மானிப்பது அறிவியலின் வளர்ச்சி மட்டுமன்று, கூலியின் அளவுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அவரது அமெரிக்கக் காப்புரிமைகளையும் 1963இல் அந்நாட்டு நீதிமன்றமொன்று செல்லாதவையாக்கிற்று.

அரிப்புக் கரைசலுக்கும் ஒரு கதை உண்டு. செதுக்கோவியரின் பெரிக்குக் குளோரைட்டே சுற்றுப் பலகைக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. ஆயின் செம்பு கரையக் கரைய அது வலுவிழந்து கழிவாகும். குப்பிரிக்குக் குளோரைட்டின் இயல்பு வேறு. அது செம்பைத் தாக்கிக் குப்பிரசுக் குளோரைட்டாகிறது. பச்சைக் கரைசல் கபிலமாகிறது. ஐதரோகுளோரிக்கமிலம் போதியளவு இருக்கையிற் காற்றைக் குமிழியிட்டுச் செலுத்தினால், ஒட்சிசன் அதனை மீண்டும் குப்பிரிக்கு நிலைக்கு ஏற்றும். பச்சை நிறம் திரும்பும். கரைந்த செம்பே அடுத்த செம்பைக் கரைக்கும் கருவியாகிறது! செலவாவன காற்றும் அமிலமுமே.

ஆகவே இது வீட்டுப் பட்டறைக்கும் எட்டியது. அமிலத்துடன் ஐதரசன் பரவொட்சைட்டுச் சேர்த்துச் செம்பைக் கரைத்தே பொழுதுபோக்காளர் முதற்கரைசலை ஆக்குவர். பரவொட்சைட்டு மிகின் நச்சு வாயுவான குளோரீன் வெளிப்படும். புதுப்பிக்குந்தோறும் கரைசல் பெருகுகிறதேயன்றிக் குறைவதில்லை. தொழிற்சாலை மிகைச் செம்பை மீட்டெடுக்கும். வீட்டிலோ அது போத்தல்களிற் சேர்கிறது. நீர்வாழ் உயிர்களுக்குச் செம்பு நஞ்சாதலின் அதனை வடிகாலில் ஊற்றலும் ஆகாது.