தப்புக் கணக்கில் பிறந்த பெயர்

போர்ட் பிளேருக்கு முதலில் வைத்த பெயர் போர்ட் காரன்வாலிஸ். ஒரு கடற்படைத் தளபதி இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்தப் பெயர் வடக்கே குடிபெயர்ந்தது. பெயரில்லாமல் நின்ற பழைய இடத்துக்குப் பிறகு பிளேரின் பெயர் வந்து சேர்ந்தது.

கதை தொடங்குவது வங்கக் கடலின் புயலில். சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, மசூலாப் படகுகள்தான் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஐப்பசி பிறந்தால் புயல் பயம். போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போய் ஒதுங்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தின் மிக நல்ல இயற்கைத் துறைமுகமான திரிகோணமலையோ டச்சுக்காரர்கள் கையில். வங்கக் கடலுக்குள்ளேயே ஒதுங்க ஓர் இடம் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் அந்தமான் மேல் விழுந்தது.

1788 கடைசியில் கல்கத்தாவிலிருந்து லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேரை அளவெடுக்க அனுப்பினார்கள். அவருடைய கப்பல்களில் ஒன்றின் பெயர் வைப்பர். இன்றைய வைப்பர் தீவுக்குப் பெயர் கொடுத்தது அதுதான். கரையோரமாகச் சுற்றி ஆழம் பார்த்த பிளேருக்குத் தென் அந்தமானின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு விரிகுடா பிடித்துப்போனது. வாயிலில் காவல் நிற்பதுபோல ஒரு தீவு, உள்ளே அலையடங்கிய நீர், நடுவே ஒரு சிறு காவல்படையே காக்கக்கூடிய குட்டித் தீவு. அந்தக் குட்டித் தீவுதான் சாத்தம். 1789 செப்டம்பரில் அங்கே காட்டை வெட்டி, குடிசை போட்டு, தோட்டம் வைத்து முதல் குடியேற்றத்தைத் தொடங்கினார். போர்ட் காரன்வாலிஸ் என்ற பெயர் அப்போது வைத்தது.

காரன்வாலிஸ் என்று அன்று இந்தியாவில் இருவர் இருந்தார்கள். அண்ணன் சார்ல்ஸ், கவர்னர் ஜெனரல். தம்பி வில்லியம், கடற்படைத் தளபதி. தம்பி வந்து பார்த்தார். அவருக்கு சாத்தமைவிடச் சுமார் 180 கிலோமீட்டர் வடக்கே, இன்றைய டிக்லிபூருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய விரிகுடாதான் பிடித்தது. கடற்படைத் தளத்துக்கு அதுவே தோது என்றார். தளபதி சொன்னபின் லெப்டினன்ட் என்ன செய்ய முடியும்? 1792-இல் வளர்ந்துகொண்டிருந்த குடியிருப்பைப் பிரித்து, மூட்டை கட்டி, வடக்கே கொண்டுபோனார்கள். போர்ட் காரன்வாலிஸ் என்ற பெயரும் கூடவே போனது. விட்டு வந்த இடம் வெறும் ‘பழைய துறைமுகம்’ ஆயிற்று.

புது இடத்தில் கப்பலுக்குக் குறைவில்லை, மனிதனுக்குத்தான் ஆகவில்லை. சுற்றிலும் அலையாத்திச் சேறு, அடைமழை, விடாத காய்ச்சல். பிளேருக்குப் பின் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் கிட் காலத்தில் ஆட்கள் வரிசையாகப் படுத்தார்கள், செத்தார்கள். 1796-இல் கம்பெனி கடையைக் கட்டியது. அங்கே இருந்த 270 கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். 550 குடியேறிகள் வங்காளத்துக்குத் திரும்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே திரிகோணமலை பிரிட்டிஷார் வசமாகியிருந்தது.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் தவறுக்குத் தரம் பிரிப்பார்கள். கை தவறினால் ஸ்லிப், கூட்டல் பிசகினால் எர்ரர், ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டால் மிஸ்டேக், ஊரே பார்க்கக் கெடுத்துவைத்தால் பிளண்டர். நம் ஊர் ஆபீசிலும் கோப்பில் எண் மாறினால் மிஸ்டேக்தான், பிளண்டர் என்றால் மேலதிகாரி முகம் சுளிப்பார். வில்லியம் செய்தது எந்தத் தரம்? தண்ணீரின் ஆழத்தைக் கேட்டவர் கரையின் குணத்தைக் கேட்கவில்லை. அவர் எடைபோட்டது கப்பலை வைத்து. அங்கே வாழ வேண்டியிருந்தது மனிதர்கள். மிஸ்டேக் என்றே வைத்துக்கொள்வோம். ஏனெனில் துறையாக அது மோசமில்லை: 1824-இல் முதல் பர்மியப் போருக்குப் போன கல்கத்தா, சென்னைக் கப்பல்கள் ஒன்றுகூடியது அந்த விரிகுடாவில்தான்.

1857 கிளர்ச்சி முடியுமுன் கைதிகளை அடைக்க இடம் தேடியபோது அந்தமான் மறுபடி நினைவுக்கு வந்தது. டாக்டர் பிரெடரிக் மௌவாட் தலைமையில் ஒரு குழு ‘புளூட்டோ’ கப்பலில் புறப்பட்டு, வடக்கே கைவிட்ட இடத்தையும் பார்த்தது, தெற்கே பழைய துறைமுகத்தையும் பார்த்தது. பிளேர் சொன்ன இடமே சரி என்று முடிவாயிற்று. அதற்குத் திரும்பவும் போர்ட் காரன்வாலிஸ் என்று பெயர் வைக்க வழியில்லை. அந்தப் பெயர் வடக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே இடத்தைக் கண்டவர் பெயரே வந்தது: போர்ட் பிளேர். 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் அங்கே வந்து இறங்கினார். வாயில் காத்த தீவு, ராஸ் என்ற பெயரில் தலைமையிடமானது.

‘தளபதி கணக்குத் தப்பு, லெப்டினன்ட் கணக்கு சரி’ என்று எந்த அரசும் உத்தரவு போடாது. ஊருக்குப் பெயர் வைக்கும். விஷயம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்தப் பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது.

பிளேர், காரன்வாலிஸ், மௌவாட் மூவருக்கும் பொதுவான தப்புக் கணக்கு ஒன்று உண்டு. தீவைக் காலி இடம்போலவே கணக்கில் எடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பெரிய அந்தமானியர்கள் 1859 மே 17-இல் போர்ட் பிளேரின் அபர்தீனில் வில்லும் அம்புமாக வந்து தாக்கித் தோற்றார்கள். பிறகு வெளியார் கொண்டுவந்த நோய்கள் மீதியைச் செய்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெரிய அந்தமானியர்கள் 44 பேர். துறைமுகத்தைத் தேர்ந்ததில் நேர்ந்த மிஸ்டேக்கை 66 ஆண்டுகளில் திருத்திவிட்டார்கள். பிளண்டர் இதுதான்; இதைத் திருத்த எந்தக் குழுவும் கப்பலேறவில்லை.