நன்னடத்தைச் சான்று

‘நட’ என்ற வினையிலிருந்து வந்தது நடத்தை. காலின் நடை வாழ்வின் நடையாயிற்று. ‘சான்று’க்கு வேர் ‘சால்’: நிறைதல், அமைதல். சால்பும் சான்றோரும் அங்கிருந்து வந்த சொற்களே. ‘சாட்சி’ வடமொழி, அக்ஷம், அதாவது கண், உள்ளே இருக்கிறது. பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றும் பெயர்.

நீதிமன்றத்துக்கு ஒருவரைப் பற்றி நடத்தைச் சான்றுக் கடிதம் எழுதுபவர் வழக்கின் சம்பவத்தைக் கண்டவர் அல்லர், ஆளை அறிந்தவர். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் முந்தைய நன்னடத்தை பொருட்படுத்தத்தக்கது என்றது. 2024 ஜூலை முதல் அதனிடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் (பெயரிலேயே அந்தக் கண்!) அதையே சொல்கிறது. தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க வழிசெய்யும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், குற்றத்தின் தன்மையோடு குற்றவாளியின் குணத்தையும் பார்க்கச் சொல்கிறது.

பள்ளிக்கூடம் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் பெரும்பாலும் அச்சடித்த ஒரே வரி. நீதிமன்றத்துக்கு அது போதாது. எத்தனை ஆண்டுப் பழக்கம், எதை நேரில் கண்டோம், அவர்மீதுள்ள குற்றச்சாட்டு நமக்குத் தெரியுமா என்பதெல்லாம் வேண்டும். ‘தங்கமான பையன்’ என்று மட்டும் எழுதினால் அதில் ‘சால்’ இல்லை.