விலாசப் புத்தகத்தின் கதை

இந்த இதழ் தங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், ஒரு பட்டியலில் தங்கள் பெயரும் விலாசமும் பிழையில்லாமல் இருக்கின்றன என்று அர்த்தம். கட்டுரை எழுதுகிறவர் பெயரை அச்சில் போடுகிறோம். பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் எங்கும் வருவதில்லை. எங்கள் ஊர்க் கிளையில் பல வருஷங்கள் அந்த வேலையைச் செய்தவன் அடியேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் நாலைந்து மாநிலங்கள் சுற்றியவன். சந்தாதாரர் பட்டியல் என்பது நம் தேசத்தில் வளர்ந்த சரித்திரத்தை, எனக்குத் தெரிந்த மட்டில் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கையொப்பம்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். கும்பகோணம் கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் அத்தனை பெரிய நூலை அச்சிட முடியுமா? புத்தகம் வெளிவருமுன்பே, வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கினார். அந்தக் கையொப்பப் பட்டியல்தான் அவருக்கு மூலதனம். இன்னும் அச்சேறாத புத்தகத்தை நம்பி ஒருவர் தம் பெயரை எழுதிக் கொடுக்கிறார். சந்தா என்பதன் உயிர் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கை ஊர் விட்டு ஊர் போக வழி செய்தது தபால் இலாகா. 1854 அக்டோபர் 1 முதல், கால் தோலா எடைக்குள் உள்ள கடிதம் தேசத்துக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அரையணா என்று ஆயிற்று. அதற்கு முன் தூரத்தைப் பொறுத்துக் கூலி. 1877இல் வி.பி.பி. வந்தது. 1880இல் மணியார்டரைத் தபாலாபீஸே ஏற்று நடத்தத் தொடங்கியது. திருநெல்வேலிக்காரர் சென்னைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதும், பத்திரிகை அவர் வீட்டு வாசலுக்கு வருவதும் அதன் பிறகு சுலபமாயின.

சட்டத்தில் ஒரு வரி

1898ஆம் வருஷத்து இந்தியத் தபாலாபீஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவை உத்தியோகக் காலத்தில் ஒருமுறை படிக்க நேர்ந்தது. பத்திரிகை என்று பதிவு செய்துகொண்டு சலுகைக் கட்டணத்தில் அனுப்புவதற்கு அதில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இதழுக்கும் இதழுக்கும் இடையே 31 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. மற்றொன்று, உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையால் நம்முடையது போன்ற காலாண்டிதழ்களுக்கு அந்தச் சலுகை எட்டாமலே போயிற்று. ஆனால் என் மனத்தில் நின்றது இரண்டாவதுதான். எத்தனை பிரதி அச்சிட்டாய் என்று சட்டம் கேட்கவில்லை. உன்னை விரும்பிக் கேட்டவர்கள் யார் என்று கேட்டது. அந்தச் சட்டம் 2024 ஜூன் 18 வரை நடைமுறையில் இருந்து, புதிய சட்டத்துக்கு வழிவிட்டது.

பட்டியல் இருந்தும் பத்திரிகை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாகவி பாரதியாரின் 'இந்தியா' உதாரணம். 1908இல் அது புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரக்கூடாது என்று சர்க்கார் தடுத்தது. வாசகர்கள் இந்தப் பக்கம், அச்சுக்கூடம் அந்தப் பக்கம். 1910இல் இதழ் நின்றுபோயிற்று. எழுத்தை மறுக்க முடியாதவர்கள் விலாசத்துக்குப் போகும் வழியை அடைத்தார்கள்.

ஆறு இலக்கம்

சுதந்திரத்துக்குப் பின் வந்த பெரிய மாற்றம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் தபால் இலாகாவைக் கவனித்த அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல லிபிகளில் எழுதப்படும் விலாசங்கள். நம் தமிழ்நாட்டில் புதூர் எத்தனை என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது உட்பிரிவு, மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸ். தமிழ்நாடும் கேரளமும் 6இல் தொடங்கும். மும்பையும் நாக்பூரும் 4, கொல்கத்தா 7, டில்லி 1. படிவங்களைப் பின்கோடு வரிசைப்படி அடுக்கினாலே நம் அங்கத்தினர்கள் எங்கெல்லாம் பரவியிருக்கிறார்கள் என்பது தேசப்படம் போலத் தெரியும்.

ஒரு குறையும் உண்டு. புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண்ணில் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்கள் சரிதானா என்று சோதிப்பதற்கானது. பின்கோடில் அப்படிச் சோதனை இலக்கம் இல்லை. ஓர் இலக்கம் பிசகினால் இதழ் வேறு ஊருக்குப் போய்விடும். எழுதுகிறவர் கண்தான் சோதனை.

என் தவறு

1990களில் எங்கள் கிளையில் ஒரு நீளமான ரிஜிஸ்தர் இருந்தது. இதழ் இரண்டு முறை திரும்பி வந்தால் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது என்று நானே விதி வகுத்தேன். தபால் செலவு மிச்சம், கணக்கும் சுத்தம். ஆபீஸ் பழக்கம்.

கிளை ஆரம்பித்த நாள் முதல் இருந்த பெரியவர் ஒருவரின் பிரதி, 'வீடு மாறிவிட்டார்' என்ற குறிப்புடன் இரண்டு முறை திரும்பியது. விதிப்படி அடித்தேன். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அவருடைய மனைவியிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. பக்கவாதம் வந்து வெளியூரில் மகனோடு போய் இருந்தார்களாம். "இதழ் வரவில்லையே, சந்தா பாக்கியோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயுள் சந்தா கட்டிய ரசீதைத் தேடச் சொன்னார். தமக்குத்தான் ஞாபகம் தப்பிவிட்டதோ என்று வருத்தப்பட்டார். போன மாதம் காலமானார். இனி இதழை என் பெயருக்கு அனுப்பவும்" என்று எழுதியிருந்தார் அந்த மாமி.

அதில் கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அதே தெருவில் நம் அங்கத்தினர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். அன்று முதல் சிவப்பு மையை விட்டேன். திரும்பி வந்த பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி. அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகே அடுத்த காரியம்.

மின்னஞ்சல்

பின்னால் இதே வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. ரே டாம்லின்சன் 1971இல் நெட்வொர்க் வழியே மின்னஞ்சலை அனுப்பிக் காட்டினார். குழு முழுவதற்கும் ஒரே கடிதம் அனுப்பும் பட்டியல்களும் பிறந்தன. ஆனால் பிட்நெட் என்ற பல்கலைக்கழக வலையில்கூட, பெயர் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரு மனிதர்தான் கையால் செய்தார். 1986இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ் 'லிஸ்ட்செர்வ்' மென்பொருளை எழுதி, ஒரு கட்டளை அனுப்பினால் அவரவர் தாமே சேரலாம், தாமே விலகலாம் என்று ஆக்கினார். நம் தேசத்தில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்ததும் ஓர் ஆகஸ்ட் 15தான், 1995இல்.

இப்போதைய மென்பொருள்களும் திரும்பி வரும் கடிதங்களை எண்ணி, அளவு மீறினால் பெயரை நிறுத்திவிடுகின்றன. என் சிவப்பு மை விதியேதான்! கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டில் விசாரிக்காது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயம்தான். விலகுவது அவரவர் உரிமை. விலகாதவரை நாம் தொலைத்துவிடாமல் இருப்பது நம் கடமை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த இதழின் உறை மேல் ஒட்டியுள்ள விலாசத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பின்கோடை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். தங்கள் தெருவில் பிள்ளையோடோ பெண்ணோடோ வந்து தங்கியிருக்கும் பழைய அங்கத்தினர் யாராவது இருந்தால், "மாமா, இதழ் வருகிறதா?" என்று கேட்டு, கிளைக் காரியதரிசிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அந்த மாமியின் பெயருக்கு அவர் காலமாகும் வரை இதழ் தவறாமல் போயிற்று. ஒவ்வொரு முறையும் விலாசத்தை என் கையாலேயே எழுதினேன்.